டல்ஹௌசி பிரபு

ஜேம்ஸ் ராம்சே என்ற டல்ஹௌசி பிரபு (22 ஏப்ரல் 1812 – 19 டிசம்பர் 1860) ஸ்காட்லாந்தின் பழம்பெரும் பிரபு குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1848 ஜனவரி முதல் 1856 பிப்ரவரி வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். எடின்பரோவுக்கு அருகிலுள்ள டல்ஹௌசி கோட்டையில் பிறந்து, அங்கேயே மறைந்தார். 1837-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டு தந்தை இறந்ததும் 10-ஆம் ஏர்ல் பட்டத்துக்கு வந்தார். மனைவி சூசன், 1842 முதல் 1848 வரை மதராஸ் கவர்னராக இருந்த ட்வீடேல் பிரபுவின் மகள்.

கல்கத்தாவில் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 35. பிரிட்டனின் வணிக வாரியத் தலைவராக ரயில்வே திட்டங்களைக் கையாண்ட அனுபவம் இங்கே பயன்பட்டது. 1853-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. தந்தி, அரையணா அஞ்சல், பொதுப்பணித் துறை ஆகியவையும் அவர் காலத்தவையே. இந்தியா முழுவதற்குமான ரயில் திட்டத்தை 1853-இல் வகுத்தவர் அவர்தான்.

பஞ்சாபையும் பெகுவையும் போரில் பிடித்தார். சதாரா, நாகபுரி, ஜான்சி ஆகியவற்றை வாரிசு இழப்புக் கொள்கையால் சேர்த்துக்கொண்டார். ஆண் வாரிசு இல்லாமல் அரசர் இறந்தால், தத்துப்பிள்ளையை ஏற்க மறுத்து நாட்டைக் கிழக்கிந்தியக் கும்பினி எடுத்துக்கொள்ளும் என்பதே அக்கொள்கை.

தஞ்சாவூர் நிலைமை வேறு. 1799 உடன்படிக்கையிலேயே அதன் மராத்திய அரசர் இரண்டாம் சரபோஜி ஆட்சியைக் கும்பினியிடம் விட்டிருந்தார். தாராசுரம் உள்ளிட்ட காவிரிக்கரைக் கிராமங்கள் அன்று முதல் கிஸ்தி கட்டியது கும்பினிக்குத்தான். அரசருக்கு எஞ்சியவை கோட்டை, பட்டம், மானியம், அரண்மனைச் சொத்து. சரபோஜியின் மகன் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவருடைய மகளுக்குப் பட்டம் தரலாம் என்று ரெசிடெண்ட் ஃபோர்ப்ஸ் பரிந்துரைத்தும் பயனில்லை. பட்டம் ஒழிந்தது என்ற முடிவு 1856-இல், டல்ஹௌசி கப்பலேறிய பின், லண்டனிலிருந்து வந்தது. அந்த ஆண்டிலேயே அரண்மனைச் சொத்து பறிமுதலானது. கையெழுத்து பிறருடையது என்றாலும் பாதையை வகுத்தவர் டல்ஹௌசியே. பறிக்க நாடே இல்லாத இடத்தில் ஒரு குடும்பத்தின் நகையையும் வீட்டுப் பொருளையும் எடுத்துக்கொண்டது, அவர் பெயரோடு சேர்ந்த செயல்களில் மிகவும் சிறுமையானது.

சிவாஜியின் மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார். மதராஸ் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. இது அரசின் செயல், விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. சட்டவியலில் இத்தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1862-இல் அரசாங்கம் சொத்தை அரச குடும்பத்துக்கே திருப்பிக் கொடுத்தது. மராத்திய அரசர் பட்டம் மட்டும் மீண்டும் வழங்கப்படவில்லை.