நாற்பதாவது நாளின் போலீஸ் காவல்: நிலைக்குழுவின் ஒரு பத்தியும் 187ஆம் பிரிவும்

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா குறித்து இதுவரை வந்த ஆய்வுகளில் ஒரு கதை நிலைபெற்றுவிட்டது. 2023 டிசம்பர் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். எதிர்க்கட்சி வரிசைகள் பெரும்பாலும் காலியாக இருக்க, 20ஆம் தேதி மக்களவையும் 21ஆம் தேதி மாநிலங்களவையும் மசோதாவை நிறைவேற்றின. ஆகவே பரிசீலனை என்று ஏதேனும் நடந்திருந்தால் அது உள்துறை நிலைக்குழுவில்தான் நடந்தது. அந்தக் குழு தனிமனித உரிமைக்காக எச்சரித்தது, அரசு செவிசாய்க்கவில்லை. கதையின் முற்பாதியை நான் மறுக்கவில்லை. பிற்பாதிதான் இடறுகிறது. குழு தன் 247ஆம் அறிக்கையில் போலீஸ் காவல் பற்றி எழுதிய பத்தியை மேற்கோள் காட்டியவர்கள் பலர். அது எந்தக் கேள்விக்கான பதில் என்று கேட்டுப் படித்தவர்கள் குறைவு என்றே தோன்றுகிறது.

சர்ச்சைக்குரிய மாற்றம் இரண்டு இடங்களில் இருக்கிறது. கைதானவரை மொத்தத்தில் 15 நாளுக்கு மேற்படாமல், முழுதாகவோ பகுதி பகுதியாகவோ, 60 நாள் காவலில் முதல் 40 நாளுக்குள்ளும் 90 நாள் காவலில் முதல் 60 நாளுக்குள்ளும் எப்போது வேண்டுமானாலும் தக்க காவலில் வைக்கலாம் என்கிறது 187(2). அடுத்து, 15 நாளுக்கு மேற்பட்ட காவல் போலீஸ் காவலாக இருக்கக் கூடாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2) வரம்புரையில் வெளிப்படையாக இருந்த சொற்கள் 187(3)இல் இல்லை. போலீஸ் காவல் இப்போதும் 15 நாள்தான் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா சட்டம் நடைமுறைக்கு வந்தபோது விளக்கினார். அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். 90 நாளும் போலீஸ் காவலா என்ற அச்சத்தில் பலருடைய ஆற்றல் செலவாகிவிட்டது. இக்கட்டுரையின் கவலை எண்ணிக்கை பற்றியதன்று. அந்த 15 நாள் எங்கே வந்து விழுகிறது என்பது பற்றியது.

1992இல் அனுபம் குல்கர்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதியை இத்துறையினர் அறிவர்: முதல் ரிமாண்டிலிருந்து 15 நாள் முடிந்தால் அந்த வழக்கில் போலீஸ் காவல் இல்லை, எஞ்சிய காலமெல்லாம் நீதிமன்றக் காவல்தான். 2023இல் நான்கு மாத இடைவெளியில் வந்த இரண்டு தீர்ப்புகள் இதை அசைத்தன. ஏப்ரல் 10 அன்று விகாஷ் மிஸ்ரா வழக்கு. ஏழு நாள் போலீஸ் காவலுக்கு அனுமதி கிடைத்தும், மருத்துவமனை அனுமதியும் இடைக்காலப் பிணையும் குறுக்கிட்டதால் சிபிஐக்கு இரண்டரை நாள்தான் மிஞ்சியது. பின்னர் அந்தப் பிணை ரத்தானது. கைதானவர் புலன்விசாரணையோடு விளையாட இடம்கொடுக்க முடியாது என்ற தொனியில் நீதிமன்றம் நான்கு நாள் காவல் அளித்தது. அடுத்தது ஆகஸ்ட் 7 அன்று, தமிழ்நாட்டு அமைச்சராக இருந்த வி. செந்தில்பாலாஜியின் வழக்கு. கைது ஜூன் 14, உடனே மருத்துவமனை, அறுவைச் சிகிச்சை, ஆட்கொணர்வு மனு, சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடு, மூன்றாம் நீதிபதி என்று நாட்கள் போயின. 15 நாளை மொத்த விசாரணைக் காலம் முழுவதிலும் பரப்பிக்கொள்ளலாம் என்று நீதிபதிகள் ஏ.எஸ். போபண்ணா, எம்.எம். சுந்தரேஷ் அமர்வு கூறி, குல்கர்னி விதியைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று, மசோதா மக்களவைக்கு வந்தது. 533 உட்பிரிவுள்ள மசோதாவின் ஓர் உட்பிரிவை நான்கு நாளில் தீர்ப்பைப் பார்த்து எழுதினார்கள் என்று சொல்ல நான் துணியமாட்டேன்.

குழுவின் பத்தியில் மட்டும் அந்தத் தீர்ப்புகளின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. அதன் சாரம் இது: முதல் 15 நாளில் காவல் எடுக்கப்படாமல் போனதற்குக் கைதானவரின் நடத்தையோ, புலனாய்வு அதிகாரியின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட புறச் சூழலோ காரணம் என்பதை உட்பிரிவு வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆகவே அதிகாரிகள் தவறாகப் பயன்படுத்த இடமுண்டு, தெளிவுபடுத்தும் திருத்தம் வேண்டும். இரண்டு காரணங்களும் இரண்டு தீர்ப்புகளிலிருந்து வருகின்றன. கைதானவரின் நடத்தை விகாஷ் மிஸ்ராவின் அச்சாணி. புறச் சூழல், இயற்கையின் செயல், விசாரணை அமைப்பு தானே வரவழைத்துக்கொள்ளாத நீதிமன்ற ஆணை ஆகியவற்றால் குறைந்துபோன நாட்களை ஈடுசெய்யலாம் என்பது செந்தில்பாலாஜி தீர்ப்பின் முடிவுகளில் ஒன்று. சொல்லொற்றுமையைத் தவிர இதற்கு என்னிடம் வேறு சான்று கிடையாது. ஆனாலும் இரண்டும் ஒரே வாக்கியத்தில், தீர்ப்புகள் வந்த அதே ஆண்டில், சேர்ந்து நிற்பதைத் தற்செயல் என்பது கடினம்.

இதை ஏற்றால் பத்தியின் பொருள் மாறுகிறது. அது உரிமையின் பக்கம் நின்று மசோதாவை எதிர்த்த வாக்கியமன்று. நீதிமன்றம் ஒரு விதிவிலக்கையும் அதற்கான நிபந்தனையையும் சேர்த்துத் தந்தது. மசோதா விதிவிலக்கை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டது. குழு அந்த விடுபடலைச் சுட்டியது. வரைவாளர் கண்ணோடு செய்த திருத்தம் அது, நல்ல திருத்தமும்கூட. ஆனால் அதற்குள்ளேயே ஒரு விட்டுக்கொடுப்பு நடந்துவிட்டது. குல்கர்னி விதியில் 15 நாள் என்பது கைதானவருக்கான எல்லை. குழுவின் வாக்கியத்தில் அது அதிகாரிக்குச் சேரவேண்டிய கணக்கு. ஏன் வராமல் போனது என்பதற்கு அவர் காரணம் சொன்னால் போதும். சிறைக்குப் போய்விட்டவரை மீண்டும் காவல்நிலையத்துக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்ற கேள்வி அந்தப் பத்தியில் எழவே இல்லை.

பத்தி உரிமைக் குரலாகப் படிக்கப்பட்டதற்கு, அதே அறிக்கையோடு வெளிவந்த மாற்றுக் கருத்துக் குறிப்புகளும் ஒரு காரணமாக இருக்கலாம். ப. சிதம்பரம், தயாநிதி மாறன், என்.ஆர். இளங்கோ உள்ளிட்ட எண்மர் அவற்றை அளித்தார்கள். சிதம்பரம் 2019இல் சிபிஐ காவலில் இருந்தவர் என்பதால் அவருடைய எதிர்ப்பைச் சொந்த அனுபவத்தோடு முடிச்சுப்போட்டவர்களும் உண்டு. அது வம்பு, ஆய்வு ஆகாது. குறிப்புகளின் குரலைப் பெரும்பான்மையின் பத்தியிலும் ஏற்றிப் படித்ததுதான் பிழை.

இந்தப் பிழையால் விளைவும் உண்டு. 2018இல் கல்பனா மேத்தா வழக்கில் அரசியலமைப்பு அமர்வு, நாடாளுமன்றக் குழு அறிக்கைகளைச் சட்டத்துக்குப் பொருள்கொள்ளும் துணையாகப் பார்க்கலாம் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு, 187(2)க்குள் குழு கேட்ட நிபந்தனையை நீதிமன்றங்கள் வாசித்துச் சேர்க்க வேண்டும் என்று ஒரு வாதம் எழுந்திருக்கிறது. நோக்கம் நல்லது, வாதம் ஆபத்தானது. டிசம்பர் 12 அன்று பழைய மசோதா திரும்பப் பெறப்பட்டு, குழுவின் பரிந்துரைகளில் சிலவற்றை ஏற்றுப் புதியது வைக்கப்பட்டது. போலீஸ் காவலுக்கான நிபந்தனை அதில் சேரவில்லை. நிபந்தனை மேசையில் இருந்தது, கேட்கப்பட்டது, சேர்க்கப்படவில்லை என்ற வரலாற்றை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே நிமிடத்தில் தனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவார். துணை இரு பக்கமும் வெட்டும். பத்தியை நம்பி வாதாடுகிறவர், நாடாளுமன்றம் தெரிந்தே மறுத்தது என்ற சான்றையும் கையோடு கொண்டுபோகிறார்.

நிபந்தனைக்கு உறுதியான முன்மாதிரி வேறு இடத்தில் இருக்கிறது. இந்த இலக்கியம் அதைக் கவனிக்காதது எனக்கு வியப்பளிக்கிறது. உபா சட்டத்தின் 43டி(2), 2008 திருத்தத்தில் வந்தது. 15 நாள் என்பதை 30 ஆக்கி, காவல் காலத்தை 180 நாள்வரை நீட்டும் கடுமையான பிரிவு. அதைப் புகழ எனக்கு எந்த விருப்பமும் இல்லை. ஆனால் அதன் வரம்புரை ஒன்று, நீதிமன்றக் காவலில் இருப்பவரைப் போலீஸ் காவலுக்குக் கேட்கும் அதிகாரி, அதற்கான காரணங்களைச் சொல்லிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், கேட்பதில் தாமதம் இருந்தால் அதையும் விளக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2002ஆம் ஆண்டின் பொடா சட்டத்திலும் 49ஆம் பிரிவில் இதே ஏற்பாடு இருந்தது. வைகோவின் கைதால் தமிழ்நாட்டில் பொடாவை நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். அந்தச் சட்டத்துக்குள் இப்படியொரு தடுப்பு இருந்தது நினைவில் இல்லாததில் வியப்பில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கிடைக்கும் முடிவு விசித்திரமானது. பயங்கரவாதக் குற்றம் சாட்டப்பட்டு சிறையில் இருப்பவரைத் திரும்ப எடுக்க அதிகாரி சத்தியம் செய்து தாமதத்தை விளக்க வேண்டும். மோசடி வழக்கில் சிறையில் இருப்பவரை 38ஆம் நாள் எடுக்கப் பொதுச் சட்டத்தின் எழுத்தில் அப்படியொரு கடமை இல்லை. கடுமையான சட்டத்தில் நாள் கூடுதல், அதனால் தடுப்பும் கூடுதல் என்று இதற்கு ஒரு பதில் சொல்லப்படலாம். நாட்களின் எண்ணிக்கைக்கும் திரும்பப் போவதற்கும் தொடர்பில்லை. அந்த வரம்புரை 30 நாளைப் பற்றிப் பேசவில்லை, சிறையிலிருந்து காவல்நிலையத்துக்கான பயணத்தைப் பற்றியே பேசுகிறது.

அந்தப் பயணத்தைச் சற்று அருகில் பார்க்கலாம். 60 நாள் வரம்புள்ள வழக்கு ஒன்று. கைதானவர் ரிமாண்ட் ஆகிப் புழல் சிறைக்குப் போகிறார். உள்ளே எடுக்கும்போது உடலில் காயம் இருந்தால் சிறை மருத்துவர் குறித்துக்கொள்கிறார். நேர்காணலில் வழக்கறிஞர் வருகிறார், வீட்டார் வருகிறார்கள். காவல்நிலையத்தில் வாய் திறக்காதவர் இங்கேதான் நடந்ததைச் சொல்கிறார், அது மனுவாகிறது. பழைய விதியில், 15 நாள் தாண்டினால் அந்த மனுவில் பெயர் வந்தவர்களிடமே அவர் அதே வழக்கில் திரும்பப் போகமாட்டார் என்ற நிச்சயம் இருந்தது. இப்போது 38ஆம் நாள் கஸ்டடி மனு வரலாம். நேரில் ஆஜர்படுத்தாமல் போலீஸ் காவல் கிடையாது என்று 187(4) சொல்வது உண்மை, அது நல்ல ஏற்பாடு. ஆனால் புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று அவர் முடிவெடுப்பது அந்த ஆஜருக்கு வெகுநாள் முன்பு, சிறைக்குள். நாற்பது நாள் நிச்சயமின்மை அங்கேதான் வேலை செய்கிறது. குல்கர்னி விதியிலும் முதல் 15 நாளுக்குள் இங்குமங்கும் மாற்றலாமே, வேறு வழக்கில் கைது காட்டி எடுக்கலாமே என்பார்கள். மாற்றலாம், எடுக்கலாம். முன்னதற்கு முடிவுநாள் தெரிந்திருந்தது. பின்னதற்குத் தனி வழக்கு வேண்டியிருந்தது.

இரண்டு மறுப்புகள் மிச்சம். 15 நாளுக்குப் பிறகு போலீஸ் காவல் தேவைப்படலாம் என்பது மட்டுமே பிணை மறுக்கக் காரணமாகாது என்று 480ஆம் பிரிவின் வரம்புரை சொல்கிறதே என்பது ஒன்று. அது மற்றபடி பிணைக்குத் தகுதியானவருக்கான ஏற்பாடு. பிணை கிடைக்காதவரைப் பற்றியதே நம் பேச்சு. மாஜிஸ்திரேட் இருக்கிறாரே என்பது மற்றொன்று. ரிமாண்ட் ஆணை இருந்துவிட்டால் மட்டும் உயிருக்குப் பாதுகாப்பு வந்துவிடாது என்பதை 2020இல் சாத்தான்குளம் காட்டியபின், இதற்கு நீண்ட பதில் தேவையில்லை.

ஆனாலும் மாஜிஸ்திரேட்டின் கையில் ஒரு கருவி இருக்கிறது. அதற்குக் குழுவின் பத்தியும் வேண்டாம், புதிய திருத்தமும் வேண்டாம். போலீஸ் காவலுக்கு அனுமதிக்கும் மாஜிஸ்திரேட் அதற்கான காரணங்களைப் பதிவுசெய்தாக வேண்டும் என்கிறது 187(7). பழைய சட்டத்தின் 167(3) அப்படியே தொடர்கிறது. மூன்றாம் நாள் கேட்கும் காவலுக்கு எழுதும் காரணமும் 38ஆம் நாள் கேட்கும் காவலுக்கு எழுதும் காரணமும் ஒன்றாக இருக்க முடியாது. பின்னதில், இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்பதற்கு விடை இல்லாத ஆணை, காரணம் இல்லாத ஆணையே. அந்த விடையைப் பிரமாணப் பத்திரமாகக் கேட்பதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. உபா வரம்புரையை இங்கே இழுத்துவர வேண்டியதில்லை. தாமதத்துக்கு விளக்கம் கேட்பது புலன்விசாரணையை முடக்கிவிடும் என்று யாரேனும் சொன்னால், இதைவிடக் கனமான வழக்குகளில் 2002 முதல் அது கேட்கப்பட்டுவந்திருக்கிறது என்று காட்ட மட்டும் அது போதும். உயர் நீதிமன்றங்கள் இதை நடைமுறை விதியாக வகுத்தால் வழக்குக்கு வழக்கு சண்டை போடுவது குறையும்.

இவ்வாதம் சரிதானா என்று சோதிக்கவும் ஓர் இடம் உண்டு. தலைமைக் குற்றவியல் நடுவர் அல்லாத எந்த மாஜிஸ்திரேட் போலீஸ் காவலுக்கு ஆணையிட்டாலும், காரணங்களோடு அதன் நகலைத் தலைமை நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 187(8). 2024 ஜூலை 1க்குப் பிறகான அந்த நகல்களில், முதல் 15 நாளுக்குப் பிந்திய ஆணைகளைத் தனியே பிரித்து, எத்தனையில் தாமதம் பற்றி ஒரு வரியேனும் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாடாளுமன்றக் குழு விட்ட கேள்வியைக் கீழ் நீதிமன்றங்கள் கேட்கின்றனவா என்பது அந்தக் கோப்புகளில்தான் தெரியவரும். ஒரு மாவட்டத்தின் கோப்புகளோடு தொடங்கினாலே போதும்.