ஒரே பந்தி



அறுப்பின் பண்டிகை ஆராதனைக்குப் பின் நாம் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதைச் சாதாரணமாக எண்ணிவிடுகிறோம். நம் முன்னோர் அதை எளிதில் அடையவில்லை.

புதுச்சேரியிலுள்ள சம்பா கோயிலை அறிவீர்கள். இன்றுள்ள கட்டடத்திற்கு முன்பிருந்த ஆலயத்தினுள், விசுவாசிகளைச் சாதியால் பிரித்த சுவர் ஒன்று இருந்தது. 1745-இல் அது இடிக்கப்பட்ட செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர். நம் வெட்கத்தை வெளியார் ஒருவர் எழுதிவைக்க வேண்டியிருந்தது.

கல்சுவரை இடிக்க ஒரு நாள் போதும். இலைக்கும் இலைக்கும் நடுவே நின்ற சுவர் அப்படிப்பட்டதன்று. நூறாண்டு கழிந்து, 1847-இல், மதுரையில் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் ஊழியர் சாதியை விட்டுவிட வேண்டுமெனத் தீர்மானித்தார்கள். அதற்கு அடையாளம், அன்பின் விருந்தில் எல்லாருடனும் உண்பது. பலர் வேலையை இழக்கத் துணிந்தார்கள். கை நனைக்கத் துணியவில்லை.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தை விட மறுத்தவரே. அவருடைய கீர்த்தனைகளை நாம் இன்றும் பாடுகிறோம். ஆயினும் இதை மறைக்க எனக்கு மனமில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுவந்த பேதுருவும், எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் விலகிக்கொண்டாரே! பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார்.

சென்ற பண்டிகையில் சிலர் பந்தியில் அமராமல், தூக்குவாளியில் உணவை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினதைக் கண்டேன். உடல்நலக் குறைவாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். இவ்வாண்டு பரிமாறுவது வாலிபர் பொறுப்பு. நான் முதல் பந்தியில் அமரப்போவதில்லை; கடைசிப் பந்தியில், உங்களில் யார் அருகே இடமிருக்கிறதோ அங்கே அமர்வேன்.