ஆடும் புலியும்: ஒரு தளக்கல் கூறும் வரலாறு

திருக்கோயிலுட் புகுவோர் முதற்கண் கோபுரத்தை நோக்குவர். பின்னர்க் கொடிமரத்தை நோக்குவர். காலடியிற் கிடக்கும் தளக்கல்லை நோக்குவார் மிகச் சிலரே. அச்சிலருள் முதல்வர் சிறுவர். எளியேன் வட்டக்கோட்டைக்கு அண்மையிலுள்ள சிற்றூரிற் பிறந்தவன். இளமையில், உச்சிக்காலப் பூசை முடிந்து நடை அடைத்தபின், இக்கோயில் வெளிமண்டபத்துக் கல்லின்மேல் பாட்டனாரோடு அமர்ந்து ஆடு புலி ஆட்டம் ஆடியதுண்டு. புளியங்கொட்டைகள் ஆடுகள், கூழாங்கற்கள் மூன்றும் புலிகள்.

இவ்வாட்டத்தின் அரங்கு கல்லில் உளியால் வரையப்பட்ட கோடுகளே. உச்சிப் புள்ளி ஒன்றினின்று நான்கு கோடுகள் கீழிறங்கும். அவற்றை மூன்று குறுக்குக் கோடுகள் வெட்டி இருபுறமும் நீளும். அடியில் ஒரு கோடு முடிக்கும். உச்சியில் 1, குறுக்குக் கோடுகளில் அவ்வாறாக 18, அடியில் 4; ஆகப் புள்ளிகள் 23. புலிகள் 3, ஆடுகள் 15. ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்தல் வேண்டும். அனைத்தும் வைத்து முடியுமுன் எந்த ஆடும் நகரலாகாது. புலியோ தொடக்கமுதல் நகரும். அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி, அதற்கு அப்பாலுள்ள வெற்றிடத்திற் குதித்து அதனைக் கொல்லும். ஆடு கொல்லாது, அடைக்கும். புலி மூன்றும் அசைய இடமின்றி நின்றால் ஆடுகட்கு வெற்றி.

ஒத்த படை இல்லாவிடத்து ஒத்த ஆட்டம் எங்ஙனம் அமையும்? முன்னோர் இதனை எண்ணினாலும் விதியாலும் நிறைகோல் போல் நிறுத்தினர். மூன்றும் பதினைந்தும் பதினெட்டு. எஞ்சிய வெற்றிடம் ஐந்தே. ஓர் ஆடு மாண்டால் வெற்றிடம் ஆறாகும்; ஆடுகளின் வேலியில் ஒரு வாயில் திறக்கும். ஆகலின், முதல் இழப்பே பெரும் இழப்பாம். எத்தனை ஆடு மாண்டால் புலிக்கு வெற்றி என்பது ஊர்க்கு ஊர் வேறுபடும். எங்கள் மண்டபத்தில் ஐந்து.

சிறுவனாகிய எளியேன் தோற்றுத் தோற்று அழுதபொழுது, பாட்டனார் விதியொன்றைத் தளர்த்தினார்: ஆடுகள் வைத்து முடியுமுன்னரே நகரலாம். அதன்பின் வெற்றி எளியேற்கே ஆயிற்று. அவர் நகைத்து, ஐந்து என்றிருந்ததை மூன்றாகக் குறைத்தார், மீண்டும் தோல்வி. பின்னர் நான்காக்கினார், ஆட்டம் ஒருவாறு ஒத்து வந்தது. "இது சரியா பாட்டா?" என்றேன். "மக்களே, பக்கம் மாறி இரு, அப்ப தெரியும் நியாயம்" என்றார். இருவரும் இடம் மாறி ஆடிப் பார்த்த பின்னரே அவர் அவ்விதியை ஏற்றார். நடுவுநிலைமை என்னும் சொல்லின் பொருளை ஆதீனப் பள்ளியில் நூல்வழிக் கற்குமுன், எளியேன் கற்ற இடம் அக்கல்லே.

இம்முயற்சி நம் நாட்டிற்கே உரியதன்று. நேபாளத்துப் 'பாக் சால்' ஆட்டத்தில் புள்ளிகள் 25, புலிகள் 4, ஆடுகள் 20. இருவரும் பிழையின்றி ஆடினால் அவ்வாட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும் எனச் சிங்கப்பூர் ஆய்வாளர் 2007-இல் கணிப்பொறியால் நிறுவினர். ஐரோப்பியரின் நரியும் வாத்தும் ஆட்டத்தில் வாத்துகள் 13 என்றும் 15 என்றும் 17 என்றும் வேறுபட வழங்கும். சில விதிகளில் வாத்து பின்னோக்கி நகரலாகாது. எங்கும் மாந்தர் தேடியது ஒன்றே: வலியாரும் எளியாரும் ஒருங்கே அமர்ந்து ஆடத்தக்க அளவு.

வட்டக்கோட்டையை நோக்குமிடத்தும் பாட்டனார் சொல்லே நினைவுக்கு வருகின்றது. 1741-இல் குளச்சற் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்ற ஒல்லாந்தர் படையைச் சேர்ந்தவர் டி லனாய். பக்கம் மாறிய அவரே பின்னர்த் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றினார். கடலோரத்து இக்கருங்கற் கோட்டையும் அவர் மேற்பார்வையில் உருப்பெற்றது. 1777-இல் மறைந்த அவர் உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பெற்றார்.

கோட்டையைத் தொல்லியல் துறை காக்கின்றது. மண்டபத்துக் கோடுகளைக் காப்பார் யார்? நம் கோயிலில் இத்தகைய கற்கள் இரண்டு இருந்தன. குளப்படியருகே கிடந்தது முந்திய திருப்பணியில் மறைந்தொழிந்தது. மற்றொன்றும் இம்முறை தளம் பெயர்த்தபொழுது கவிழ்த்துப் பதிக்கப்பட இருந்தது. வேண்டிக்கொண்டதும் ஸ்தபதியார் அதனைக் கோடு மேலாகத் தென்கிழக்கு மூலையில் பதித்தருளினார். தளவரிசைக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள், பழங்கல்லைப் பெயர்க்குமுன் அதன் முகத்தை ஒருமுறை நோக்குமாறு பணித்தல் வேண்டும். கும்பாபிடேகத்திற்கு வரும் பெரியோர் தத்தம் பேரப்பிள்ளைகளை அம்மூலைக்கு அழைத்துச் செல்க. ஓர் ஆட்டம் ஆடுக. பின்னர்ப் பக்கம் மாறியும் ஆடுக.