டார்க் அண்ட் ஸ்டார்மி: ஒரு பெயரின் உரிமையும் ஒரு குவளையின் வரலாறும்

பனிக்கட்டி நிரப்பிய உயரமான குவளையில் 100 மில்லிலிட்டர் ஜிஞ்சர் பீர்; அதன்மேல் மெல்ல ஊற்றப்படும் 60 மில்லிலிட்டர் கருநிற ரம். ரம் கார்மேகம்போல் மேலே தங்கும். வீட்டிலேயே எவரும் கலந்துகொள்ளக்கூடிய இந்தப் பெர்முடாப் பானத்தின் பெயர் ‘டார்க் அண்ட் ஸ்டார்மி’. ஆனால் அப்பெயர் கோஸ்லிங்ஸ் நிறுவனத்தின் வணிகக்குறி. அமெரிக்காவில் வேறு ரம்மைக் கலந்து அப்பெயரில் விற்கும் மதுக்கூடம் வழக்கை எதிர்கொள்ள நேரலாம்.

அந்நிறுவனத்தின் கதை 1806-இல் தொடங்குகிறது. அமெரிக்கா நோக்கி மதுவகைகளுடன் புறப்பட்ட ஜேம்ஸ் கோஸ்லிங், காற்றின்றிக் கப்பல் தேங்கியதால் பெர்முடாவில் கரையிறங்கினார். பின்னாளில் புகழ்பெற்ற அவர்கள் ரம்முக்கு அடிப்படையான சரக்கோ கரீபியத் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே 17-ஆம் நூற்றாண்டிலேயே, சர்க்கரை காய்ச்சியபின் எஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து ரம் வடிக்கப்பட்டது. கரும்பை வெட்டியவர்களும் பாகைக் காய்ச்சியவர்களும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள்.

இஞ்சியின் பயணம் இன்னும் நெடியது. ஆசியப் பயிரான அதை 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கரீபியத்துக்குக் கொண்டுசென்றனர். பின்னர் ஜமைக்கா இஞ்சி ஆங்கிலேயச் சந்தையில் பெயர்பெற்றது. ‘ஜிஞ்சர்’ என்னும் சொல்லின் மூலத்தைப் பாலிமொழியின் ‘சிங்கிவேர’ வழியாகத் திராவிட ‘இஞ்சிவேர்’ வரை கொண்டுசெல்லும் மொழியியலாளர் உண்டு.

அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1834-இல் நடைமுறைக்கு வந்தபின் தோட்டங்கள் இந்தியாவை நாடின. 1838-இல் ‘விட்பி’, ‘ஹெஸ்பரஸ்’ என்னும் இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரைப் பிரிட்டிஷ் கயானாவில் இறக்கின. சில ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. தமிழரும் அக்கரும்புக் காடுகளில் உழைத்தனர். கயானாவின் டெமராரா ரம், பிரிட்டிஷ் கடற்படைக் கலவையின் முக்கியக் கூறாயிற்று. மாலுமிகளுக்கான அன்றாட ரம் படி 1970 ஜூலை 31-இல்தான் நிறுத்தப்பட்டது.

வணிகக்குறிச் சட்டம் ஒரு பானத்தின் பெயரைக் கருத்துடன் காக்கிறது. அடிமைப் பதிவேடுகளிலோ மனிதர்கள் உடைமையாளரின் பெயருக்குக் கீழே, பெரும்பாலும் பிறர் இட்ட பெயர்களுடன் எழுதப்பட்டனர். பானத்தின் தோற்றத்தை நிறுவனத்தின் வரலாற்றோடு நிறுத்திக்கொள்ளும் ஆய்வு, அப்பதிவேடுகளைத் திறக்காமலே முடிந்துவிடுகிறது. உணவு வரலாறு தொடங்க வேண்டிய இடம் அதுவே.