வான் ஈரத்தை நிறுக்கும் பெட்டி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ரேடியேஷன் லேபரட்டரி 1.25 செ.மீ. அலைநீளத்தில் ஒரு ரேடாரை உருவாக்கியது. அலை குறுகினால் படம் கூர்மையாகும் என்று கணக்குப் போட்டார்கள். காய்ந்த காற்றில் அது பலித்தது. ஈரக் காற்றிலோ அலை பாதியிலேயே சோர்ந்துபோனது. நீராவி உறிஞ்சும் 22.235 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதற்கு மிகப் பக்கத்தில் இருந்ததே காரணம்.

உறிஞ்சும் பொருள் உமிழவும் செய்யும். 1945-இல் அதே லேபரட்டரியைச் சேர்ந்த ராபர்ட் டிக்கியின் குழு தன் கருவியை புளோரிடாவின் புழுக்கத்துக்குக் கொண்டுபோனது. அந்தக் கருவி எந்த அலையையும் அனுப்பவில்லை, வானம் தானாக உமிழ்வதை மட்டும் வாங்கிக்கொண்டது. அந்த உமிழ்வு கருவியின் சொந்த இரைச்சலைவிட மெலிது. அதனால் வானத்தையும் வெப்பநிலை தெரிந்த ஒரு பொருளையும் நொடிக்கு 30 முறை மாற்றி மாற்றிப் பார்த்து, வித்தியாசத்தை மட்டும் பிரித்தெடுத்தார் டிக்கி. இந்தக் கருவியின் வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இந்த யோசனையைத்தான்.

1979 ஜூன் 7 அன்று இந்தியாவின் பாஸ்கரா-1 செயற்கைக்கோளில் ஏறிய 'சமீர்' கருவியும் இதே குடும்பம். அது கடல்மேல் இருந்த ஈரத்தை அளந்தது. நிலமே பலமாக உமிழ்வதால், மேலிருந்து பார்க்கும்போது தரைமேல் உள்ள ஈரம் அதில் கரைந்துவிடும். தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் பின்னணியில் இருப்பது குளிர்ந்த விண்வெளி. நீராவி 22 கிகாஹெர்ட்ஸை ஒட்டித் துலங்கும். மேகத்து நீர்த்துளியின் பங்கோ அலைவரிசை ஏற ஏறக் கூடும். 31 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் ஒருமுறை அளந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

திருப்பதிக்கு அருகே காதங்கியில், தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் இப்படி அளக்கும் ஒரு கருவிப் பெட்டி அண்ணாந்து நின்றது. 26 இடிமழைகளின் பதிவுகளை வைத்து மதுலதா, ராஜீவன் முதலானோர் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இடிமழை இறங்குவதற்கு 2 முதல் 4 மணி நேரம் முன்பே காற்றின் ஈரமும் நிலைத்தன்மையும் சட்டென மாறுகின்றன, 2 மணி நேரம் முன்னதாக எச்சரிக்க முடியும் என்றது அது.

இதைப் படிக்கும்போது என் மனம் பொம்மையார்பாளையத்துக்குப் போகிறது. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவர் ஊர். வங்கக் கடலின் ஈரம் கரையேறும் வாசல்களில் ஒன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தப் பக்கம் கரையேறி, நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. காற்றின் ஈரத்தை உயரம் உயரமாக அளக்கும் வானிலை பலூன்கள் வடக்கே மீனம்பாக்கத்திலிருந்தும் தெற்கே காரைக்காலிலிருந்தும் ஏறுகின்றன. வழக்கமான நேரம் காலை 5.30, மாலை 5.30. இடையில் உள்ள 12 மணி நேரத்தில் வானம் எத்தனையோ முறை மாறிவிடும். பெட்டி சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்கும்.

புயல் எந்த வழியில் போகும் என்று இது சொல்லாது. மழை அதன் மூடியை நனைத்துவிட்டால் அளவும் பிசகும். அதற்காகவே காற்றடித்து உலர்த்தும் விசிறி வைக்கிறார்கள். அவ்வப்போது திரவ நைட்ரஜன் குளிரைக் காட்டி அளவைச் சரிபார்க்க வேண்டும். உப்புக் காற்று அரிக்கும் கடலோரத்தில் பராமரிப்பு இன்னும் கடினம். இருந்தாலும் இடிமழைக்கு முந்தைய அந்த 2 மணி நேரம் கடலில் நிற்கும் ஃபைபர் படகு கரை திரும்பப் போதும். ஐப்பசி பிறக்குமுன் இந்தக் கரையில் ஒரு பெட்டியை நிறுத்த வேண்டும்.