எந்தத் திகதியில் இருந்து?

இன்று ஒரு பழைய வழக்கைப் பற்றி எழுதுகிறேன். நமக்கும் அதில் பாடம் இருக்கிறது.

தர்சேம் சிங் இந்திய இராணுவத்தில் இருந்தவர். மருத்துவக் காரணத்தால் 1983 நவம்பர் 13இல் சேவையில் இருந்து விலக்கப்பட்டார். அங்கவீன ஓய்வூதியம் கேட்டு அவர் நீதிமன்றம் போனது 1999இல்.

ஓய்வூதியம் உண்டு என்று தீர்ப்பானது. அடுத்த கேள்வி, எந்தத் திகதியில் இருந்து? முதல் நீதிபதி, வழக்குக்கு முந்திய 38 மாத நிலுவையை மட்டும் கொடுத்தார். மேன்முறையீட்டில், உரித்தான நாளில் இருந்தே கொடுக்கச் சொன்னார்கள். அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2008 ஓகஸ்ட் 13இல் முடிவு வந்தது. மாதாமாதம் கொடுக்காமல் விடுவது தொடர்ந்து நடக்கும் தவறு, ஆகவே பிந்தி வந்தாலும் ஓய்வூதியத்தை மறுக்க முடியாது. ஆனால் நிலுவை, வழக்குக்கு முந்திய மூன்று வருடங்களுக்கு மேல் இல்லை.

மனிதர் வென்றார். ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு மேற்பட்ட காசு போய்விட்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். முன்னாள் படைவீரர் சேவையை விட்டு ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் விலகிய மறுநாளில் இருந்து கணக்கு. பிந்தினால் பெரும்பாலும் விண்ணப்பித்த நாளில் இருந்துதான்.

திகதியின் வலி வன்னிக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரைப் புலிகள் வெளியேற்றினார்கள். 2009இல் யுத்தம் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கியபோது, 2008 ஏப்ரல் என்ற கோடு விழுந்தது. அதற்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்கள் 'புதியவர்கள்', முந்தியவர்கள் 'பழையவர்கள்'. உதவியில் பழையவர்கள் பின்வரிசைக்குப் போனார்கள். முன்னரே இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் அதே வரிசையில்தான் நின்றன. அதிக காலம் அகதியாக இருந்ததே குறையாகிப் போனது.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். கொடுப்பனவு, நட்டஈடு, வீட்டுத்திட்டம் எதுவானாலும் "பிறகு பார்ப்போம்" என்று விடாதீர்கள். விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மேன்முறையீட்டுக்கும் கால எல்லை உண்டு, அதையும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தால், அவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.