திருகோணமலை வரலாற்று மூலங்களும் எண்ணிம ஆய்வுப் பயிற்சியும்

துறைமுகம் ஒன்றின் வரலாறு அத்துறையிலே மட்டும் கிடைப்பதில்லை. கப்பல்கள் எத்திசைகளிலிருந்து வந்தனவோ, அத்திசைகளுக்கெல்லாம் அதன் சான்றுகளும் சென்றுவிடுகின்றன. திருகோணமலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதன் பழைமையை ஆராயப் புகுவோர் கோணேசர் ஆலயச் சூழலையும் கோட்டை மதில்களையும் நோக்குவதோடு அமையாது, கடல்கடந்த சுவடிக்கூடங்களையும் நாடவேண்டியவராயினர். இன்று அச்சுவடிகளுட் பல, கணினித் திரையிற் காணத்தக்க எண்ணிமப் படிகளாகக் கிடைக்கின்றன. எனினும் கண்ணுக்கு எட்டியதெல்லாம் கருத்துக்கு எட்டியதாகிவிடாது. எண்ணிம ஆய்வுமுறைகளைப் பட்டப்பின் மாணவருக்குப் பயிற்றும் நூலகப் பயிலரங்குகள் ஏன் இன்றியமையாதன என்பதைத் திருகோணமலை வரலாற்று மூலங்களைக் கொண்டே விளக்க முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிதறிய சான்றுகள்

கி.பி. 7ஆம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தராற் பாடப்பெற்ற கோணமலை, ஐரோப்பியர் வருகையின் பின்னர் பலர் கைமாறிய நிலமாயிற்று. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் ஆலயத்தை 1622ஆம் ஆண்டில் இடித்தான் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. 1639இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரின் கோட்டையைக் கைப்பற்றினர். 1672இற் பிரெஞ்சுக் கடற்படை கொட்டியாரக் குடாவிலே தரித்து நின்றது. 1782இல், ஓராண்டினுள்ளேயே, துறைமுகம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் மாறியது. மீண்டும் ஒல்லாந்தர் வசமான அது 1795இல் ஆங்கிலேயர் கைப்பட்டது. 1957இற் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்படும் வரை ஆங்கிலேயர் நிலைகொண்டிருந்தனர்.

ஆண்டவர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலே எழுதினர். எழுதியவற்றுட் பெரும்பகுதியைத் தம் தாயகத்துக்கு அனுப்பினர். எனவே ஒரே துறைமுகத்தின் வரலாறு லிஸ்பன், ஹேக், பாரிஸ், இலண்டன், கொழும்பு எனப் பல நகரங்களிற் பகிர்ந்து கிடக்கின்றது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணத் தொகுதிகள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. அவற்றுட் பெரும்பகுதி ஹேக் நகரிலும், இலங்கை ஆட்சி தொடர்பான ஒரு பகுதி கொழும்புத் தேசிய சுவடிகள் காப்பகத்திலும் உள்ளன.

தமிழ் மூலங்களின் நிலையோ வேறு. கோணேசர் கல்வெட்டு, தட்சிண கைலாச புராணம் முதலியவை ஏட்டிலிருந்து அச்சேறி ஓரளவு பேணப்பட்டன. ஆனால் கோயிற் குடமுழுக்கு மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், ஊர்ப்புலவரின் சிறு பிரபந்தங்கள் ஆகியன சில படிகளாகவே அச்சாகி வீடுகளில் முடங்கின. போரும் இடப்பெயர்வும் 2004 டிசெம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையும் கிழக்குக் கரையின் வீடுகளோடு ஏடுகளையும் அழித்தன. 1981 மே 31ஆந் திகதி இரவு தொடங்கிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தமை, ஒரே இடத்திற் பேணப்படும் ஒற்றைப் படியின் ஆபத்தை நமக்கு உணர்த்திய பேரிழப்பாகும். 2005இல் தன்னார்வலரால் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து வெளியீடுகளை ஒளிப்படியெடுத்து யாவருக்கும் இலவசமாகத் திறந்துவைத்துள்ளது. தமிழிலக்கியத்தை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டம் அதற்கு முன்னரே 1998இல் தொடங்கிற்று.

பெயரைத் தேடுதல்

இவ்வளவு கிடைக்கும்போது பயிற்சி எதற்கு என வினவலாம். திருகோணமலை என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். பழந்தமிழ் நூல்கள் அதனைக் கோணமலை, திருக்கோணமலை, கோணாசலம் என வழங்குகின்றன. பாளி, வடமொழி மரபிற் கோகர்ணம் என்ற பெயர் வழங்கும். போர்த்துக்கேயர் திரிக்கிலிமலே எனவும், ஒல்லாந்தர் திரிங்கோனமாலே, திரிங்கெனமாலே எனவும் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினர். இன்றைய எழுத்துக்கூட்டல் ஒன்றை மட்டும் தேடுபொறியில் இடும் மாணவன், நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருந்தும் ஒன்றும் இல்லையென்று திரும்பிவிடுவான்.

தமிழ்ப் பக்கங்களிலும் இடர் உண்டு. ஒளிப்படியாக மட்டும் உள்ள பக்கத்தின் சொற்களைக் கணினி தேடியறியாது. எழுத்துணரி கொண்டு அவை பாடமாக மாற்றப்படல் வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலே தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகளை ஒருங்குறியில் இடப்படும் தேடற்சொல் சென்றடைவதில்லை. ஒல்லாந்தக் கம்பனி ஆவணங்களின் ஏறத்தாழ 50 இலட்சம் பக்கப் படங்களை இயந்திரத்தாற் படித்துத் தேடத்தக்கனவாக்கும் பணி நெதர்லாந்திலே குளோபலைஸ் என்னும் திட்டத்தின்வழி நடைபெறுகின்றது. அவ்வாறு பெறப்படும் பாடத்திலும் பிழைகள் மலிந்திருக்கக்கூடும். ஆகவே மூலப் படத்தோடு ஒப்புநோக்கும் பழக்கம் மாணவனுக்கு வேண்டற்பாலது.

குளக்கோட்டன் பற்றிய வினா

தேடிக் கண்டதை மதிப்பிடுதல் இதனினும் அரிய பணியாகும். கோணேசர் ஆலயத் திருப்பணியோடும் கந்தளாய்க் குளத்தோடும் இணைத்துப் பேசப்படும் குளக்கோட்டன் காலத்தை இணையத்தில் தேடுவோர், ஒன்றுக்கொன்று பல நூற்றாண்டுகள் வேறுபடும் விடைகளைக் காண்பர். பிரெட்ரிக் கோட்டை வாயிலிலுள்ள தமிழ்ச் சாசனம் சிதைவுற்றது. கல்லில் எஞ்சியிருப்பவை செய்யுளின் சில பகுதிகளே. முழுச் செய்யுளாக வழங்குவது மரபுவழி நிரப்பப்பட்ட பாடம். திரையிலே அது முழுமையாகத் தரப்படும்போது, கல்லில் உள்ளது எது, நிரப்பப்பட்டது எது என்னும் வேறுபாடு மறைந்துவிடுகின்றது. கோணேசர் கல்வெட்டு என்னும் நூலோ, பெயராற் கல்வெட்டாயினும் ஏட்டில் வழங்கிய இலக்கியமாகும்.

இதே கோட்டையிற் கிடைத்த வடமொழிச் சாசனம் ஒன்று, சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இல், சோடகங்கதேவன் என்பான் கோகர்ணத்துக்கு வந்தமை பற்றிக் கூறுகின்றது. இவனே மரபிற் குளக்கோட்டனாக நினைவுகூரப்படுகின்றான் எனக் கருதும் ஆய்வாளரும் உளர். இக்கருத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் ஆய்வின் முடிபு. ஆயின் சாசனம், புராணம், பிற்காலக் கட்டுரை ஆகிய மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது. குவேறோஸ் பாதிரியாரின் போர்த்துக்கேய நூலுக்கும் இது பொருந்தும். 1916இற் கொழும்பில் அச்சேறி, 1930இல் எஸ். ஜி. பெரேரா அடிகளால் ஆங்கிலமாக்கப்பெற்ற அந்நூலை அவர் இலங்கைக்கு வராமலே கோவாவில் இருந்து எழுதினார் என்பதை, அதன் எண்ணிமப் படியைத் திறக்கும் மாணவன் அறிந்திருத்தல் வேண்டும்.

நூலகத்தின் கடமை

சம்பந்தர் பிறந்த சீர்காழியிலேயே 1892இற் பிறந்தவர் நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன். 1924இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய அவர், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், நூல்கள் பயன்பாட்டுக்கு உரியன என்பதை முதலாவதாக வைத்தார். நூலுக்குரிய வாசகனைச் சேர்த்துவைப்பதும் வாசகனின் நேரத்தைக் காப்பதும் நூலகத்தின் கடன் என்றார். அடுக்கிலிருந்து நூலை எடுத்துக்கொடுத்த காலத்திற் பொருந்திய அவ்விதிகள், எண்ணிமக் காலத்திற் பயிலரங்கு நடத்தும் கடமையாக விரிகின்றன.

அத்தகைய பயிலரங்கு விரிவுரையாக அமையாது, செய்முறையாக அமைதல் வேண்டும். ஊர்ப்பெயர்களின் பல்வேறு வடிவங்களைத் தொகுத்துத் தேடுதல், மூலத்தின் காலத்தையும் ஆசிரியரையும் பதிப்பையும் உறுதிசெய்தல், ஆவணத்தின் தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் தவறாது குறித்துவைத்தல், பழைய கையெழுத்தைப் படித்தல் ஆகிய நான்கும் அதன் பாடங்களாகலாம். தாம் காணும் கோயிற் சாசனங்களையும் ஊர் மலர்களையும் உரியவர் அனுமதியோடு படமெடுத்து, இடமும் நாளும் குறித்து ஆவணப்படுத்தும் முறையையும் மாணவருக்குக் கற்பித்தல் நன்று. 2001இல் திருகோணமலையில் நிறுவப்பெற்ற கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் இத்தகைய பணிக்கு ஏற்ற களமாகும்.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் இம்மாவட்டத்திலே பழமை பற்றிய கூற்று ஒவ்வொன்றும் நிலத்தின் மீதான உரிமைக் கூற்றாகவும் ஒலிக்கின்றது. இந்நிலையில் நமக்கு உவப்பான சான்றை மட்டும் எடுத்து, ஏனையவற்றை மறைப்பது எளிது. பிறர் அவ்வாறு செய்வதைக் கண்டு சினப்பதும் எளிது. மூலத்தைத் தேடிப் படித்து, அது கூறுவதைக் கூட்டாமலும் குறைக்காமலும் உரைப்பவனின் சொல்லே நின்று நிலைக்கும். கப்பலேறிச் சென்ற சான்றுகள் திரைவழியே திரும்பி வருகின்றன. அவற்றைத் தாமே படிக்கும் தகுதியைப் பெறாவிடின், இத்துறைமுகத்தின் பிள்ளைகள் தம் வரலாற்றை என்றும் பிறர் வாய்க்கேட்டே அறியவேண்டியவராவர்.